ஸ்டூடியோ ஃபர்னிச்சர்: மேசைக்கும் சிற்பத்துக்கும் நடுவுல ஒரு பட்டறை

பால் எவன்ஸ்னு ஒரு அமெரிக்கர் 1960கள்ல செஞ்ச கேபினெட் படத்தை முதல் தடவை பாக்கறவங்களுக்கு அது அலமாரின்னே சட்டுன்னு பிடிபடாது. சுவர் நீளத்துக்கு ஒரு இரும்பு முகப்பு, முழுக்க சின்னச் சின்னக் கட்டமா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் வெல்டு பண்ணின உருவங்கள், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, சிலதுல பெயின்ட், சிலதுல தங்க ரேக்கு, சிலதுல ஆசிட் ஊத்தி வரவழைச்ச கறை. பெரிய ஹால்ல மாட்டி வைக்கிற புடைப்புச் சிற்பம்னுதான் நினைப்போம். கதவைத் திறந்தா உள்ள தட்டு இருக்கு, பொருள் வைக்கலாம், அவ்ளோதான்.

இப்படி வேலை செய்யறவங்களைத்தான் ஸ்டூடியோ ஃபர்னிச்சர் டிசைனர்னு சொல்றாங்க, இரும்பு, வெண்கலம், அலுமினியம்னு உலோகத்துல செஞ்சா கூடவே உலோகச் சிற்பின்னும் சேர்த்துக்குவாங்க. இந்த ரெண்டு பட்டமும் எப்படி ஒரே ஆளுக்குப் பொருந்துது, அந்த வேலை நிஜத்துல எப்படி நடக்குதுன்னு அடிப்படையில இருந்து சொல்றேன்.

நம்ம வீட்ல இருக்கற பெரும்பாலான நாற்காலிய வரைஞ்சது ஒருத்தர், செஞ்சது இன்னொருத்தர். வரையறவர் ஆபீஸ்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல வரைவாரு, ஃபேக்டரில மெஷின் ஆயிரக்கணக்குல தள்ளும். இன்னொரு பக்கம் தச்சரோ வெல்டரோ இருக்காரு, நாம ஒரு போட்டோ காமிச்சா அதே மாதிரி செஞ்சு குடுப்பாரு, கை வேலை பிரமாதமா இருக்கும், ஆனா டிசைன் அவருது இல்ல. ஸ்டூடியோ ஆள் இந்த ரெண்டையும் ஒரே கூரைக்குள்ள வெச்சிருக்கறவர். யோசிக்கறதும் அங்கதான், வெட்டறதும் ஒட்டறதும் அங்கதான், அதனால வேலை நடக்கும்போதே டிசைன் மாறும், தகடு எதிர்பாராத மாதிரி வளைஞ்சா அந்த வளைவையே வெச்சுக்கலாமான்னு அந்த நிமிஷமே முடிவெடுக்க முடியும். ஃபேக்டரிக்கு வரைபடம் அனுப்பறவருக்கு அந்த நிமிஷம் கிடைக்காது. என்னைக் கேட்டா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

இது மரத்துலதான் ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் வார்ட்டன் எஷரிக்னு (1887–1970) ஒருத்தர், ஓவியரா படிச்சு, தன் படங்களுக்கு ஃபிரேம் செதுக்கப் போய் அப்படியே மரச் சிற்பம், மேசை, படிக்கட்டுன்னு போனவர். 1938ல ஒரு நாடக அரங்குக்கு நாற்காலி தேவைப்பட்டப்போ ஒரு பீப்பாய் நிறைய சுத்தியல் பிடிகளை வெச்சே நாற்காலி செஞ்சாரு. அதே மாநிலத்துல நியூ ஹோப்ங்கற ஊர்ல ஜார்ஜ் நகாஷிமா (1905–1990), மரப்பலகையோட இயற்கையான ஓரத்தை வெட்டாம அப்படியே மேசையாக்கினவர். நம்மளுக்கு ஒரு சின்ன ஒட்டுறவு வேற இருக்கு, இவரு கட்டடக் கலைஞரா இருந்த காலத்துல 1930களோட கடைசில புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே கட்டடத்துல வேலை பாத்தவரு, அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தான்னு பேரும் வெச்சாரு. கலிஃபோர்னியாவுல சாம் மலூஃப் (1916–2009), பெருசா உற்பத்தி பண்ணலாம்னு கேட்டு வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டு கையாலயே ஆடு நாற்காலி செஞ்சிட்டிருந்தவர். ரெண்டாம் உலகப்போருக்குப் பிறகு எல்லா வீட்டுக்குள்ளயும் ஒரே மாதிரி ஃபேக்டரி சாமான் நுழைஞ்ச காலத்துலதான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு மதிப்பு கூடுச்சு, அதுல ஆச்சரியம் எதுவும் இல்ல.

சரி, உலோகத்துக்கு வருவோம். மரத்தை விட்டுட்டு ஏன் இரும்புக்குப் போகணும்? முதல் காரணம் மெலிசு. கட்டை விரல் தடிமன் கூட இல்லாத ஒரு இரும்பு ராடு ஒரு ஆளைத் தாங்கும், அதே தடிமன்ல மரக்கால் வெச்சா முறிஞ்சிடும். அதனால கண்ணுக்கு ரொம்ப லேசா, கோடு போட்ட மாதிரி தெரியற நாற்காலி உலோகத்துலதான் சாத்தியம். ரெண்டாவது காரணம், உலோகத்தைக் கூட்டலாம். மரத்துல பெரும்பாலும் எடுத்து எடுத்துதான் உருவம் கொண்டு வரணும், வெட்டினது வெட்டினதுதான். இரும்புல ஒரு துண்டை வெல்டு பண்ணிப் பாத்துட்டு, பிடிக்கலைன்னா அறுத்து எடுத்து வேற இடத்துல வைக்கலாம், இன்னொரு துண்டு சேர்க்கலாம். சிற்பிங்களுக்கு இந்த சுதந்திரம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனா சிற்பிக்கு இல்லாத ஒரு தலைவலி ஃபர்னிச்சர் செய்யறவருக்கு உண்டு, அது மனுஷ உடம்பு. சிற்பம் எந்த உயரத்துலயும் இருக்கலாம். நாற்காலி உக்கார்ற இடம் தரையில இருந்து ஏறக்குறைய 43ல இருந்து 46 சென்டிமீட்டர், சாப்பாட்டு மேசை 72ல இருந்து 76, சோபா முன்னாடி போடற டீபாய் 40, 45. இதுல அஞ்சு சென்டிமீட்டர் தவறினாலே கால் தொங்கும் இல்லன்னா முட்டி இடிக்கும், எவ்வளவு அழகா இருந்தாலும் யாரும் அதுல உக்கார மாட்டாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் நாற்காலிய பின்னாடி சாய்ச்சு ரெண்டு கால்ல ஆடுவாரு, யாரோ மேசை ஓரத்துல உக்காருவாங்க, ஒரு குழந்தை அலமாரிக் கதவைப் பிடிச்சுத் தொங்கும். இதெல்லாத்தையும் தாங்கற மாதிரி யோசிச்சிட்டுதான் அழகைப் பத்தியே யோசிக்க முடியும்.

வேலை பேப்பர்ல ஆரம்பிக்கும், ஆனா பேப்பர்ல ரொம்ப நேரம் நிக்காது. சின்னதா ஒரு மாடல், மெல்லிய கம்பியிலயோ அட்டையிலயோ, அஞ்சுல ஒரு பங்கு பத்துல ஒரு பங்கு அளவுல செய்வாங்க. தகட்டை வளைக்கப் போறோம்னா அட்டைதான் நல்லது, ஏன்னா அட்டையும் தகடு மாதிரிதான், ஒரு பக்கமா சுருட்டலாம், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வளைக்கப் பாத்தா மடிஞ்சு கசங்கிடும். அட்டையில வராத வடிவம் தகட்டுலயும் சும்மா வராது, அதுக்கு சுத்தியலால அடிச்சு நீட்டணும், இல்லன்னா துண்டு துண்டா வெட்டி இணைக்கணும்.

அடுத்தது எடை, இதைத்தான் புதுசா வர்றவங்க கணக்கு போட மறந்துடுவாங்க. ரொம்ப ஈஸியான கணக்குதான்: ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்னா 7.85 கிலோ. இப்ப 120க்கு 60 சென்டிமீட்டர் மேசைப் பலகைய 6 மில்லிமீட்டர் தகட்டுல போட்டா 0.72 பெருக்கல் 6 பெருக்கல் 7.85, கிட்டத்தட்ட 34 கிலோ, அதுவும் பலகை மட்டும், கால் தனி. அதையே அலுமினியத்துல போட்டா 12 கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். அதனால அனுபவம் உள்ளவங்க 3 மில்லிமீட்டர் தகட்டை எடுத்து ஓரத்தைக் கீழ்ப்பக்கமா மடிச்சு விட்டுடுவாங்க, பாக்கறதுக்கு கனமான பலகை மாதிரியே தெரியும், மடிப்பு இருக்கறதால வளையவும் வளையாது, எடை பாதிதான். தடிமனை ரெண்டு மடங்கு ஆக்கினா வளையாம நிக்கற பலம் எட்டு மடங்கு ஆகும்ங்கறது நிஜம், ஆனா அந்த பலத்தை எடையால வாங்கறதை விட மடிப்பால வாங்கறது புத்திசாலித்தனம்.

வெட்டறதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நேர் வெட்டுக்கு கட்டிங் வீல், தகட்டுல வளைஞ்ச வடிவத்துக்கு பிளாஸ்மா கட்டர் இல்லன்னா லேசர், கனமான தகடுன்னா கேஸ் கட்டிங். லேசர்ல வெட்டின ஓரம் பளிச்னு சுத்தமா இருக்கும், கேஸ்ல வெட்டினது கரடுமுரடா உருகி வழிஞ்ச மாதிரி இருக்கும், சில சிற்பிங்க அந்த வழிஞ்ச ஓரத்துக்காகவே கேஸ் கட்டிங் பண்ணுவாங்க.

வெல்டிங்லதான் விஷயம் இருக்கு. ரெண்டு துண்டு சேர்ற இடத்துல இரும்பு 1500 டிகிரி பக்கம் போய் உருகும், உருகினது ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்துல இருக்கற மொத்தத்தையும் தன் பக்கம் இழுக்கும். சதுரமா வெச்ச ஃபிரேம் ஆறினதுக்கு அப்புறம் சதுரமா இருக்காது, நாலு கால்ல ஒண்ணு தரையைத் தொடாம அந்தரத்துல நிக்கும். இதைச் சமாளிக்க முதல்ல பொட்டுப் பொட்டா டேக் மட்டும் போடுவாங்க, எல்லா மூலையும் அளந்து பாப்பாங்க, மூலைக்கு மூலை குறுக்களவு ரெண்டும் ஒண்ணான்னு டேப் பிடிப்பாங்க, அப்புறம்தான் முழு வெல்டு, அதையும் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போகாம இங்க கொஞ்சம் எதிர்மூலையில கொஞ்சம்னு மாத்தி மாத்திப் போடுவாங்க. ஒரே மாதிரி நாலு நாற்காலி வேணும்னா கனமான மேசையில கட்டைகளை முடுக்கி ஒரு ஜிக், அதாவது துண்டுகளை நகராம பிடிக்கற சட்டம், செஞ்சு அதுக்குள்ள வெச்சுதான் வெல்டு. ஒரு நல்ல பட்டறையில செய்யற பொருளை விட அதைச் செய்யறதுக்கான ஜிக் செய்யத்தான் நேரம் அதிகமா போகும், அது வீண் வேலைன்னு நினைக்கவே கூடாது.

அலுமினியம் வேற ஜாதி. இரும்பு சூடாகும்போது மங்கின சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னு நிறம் மாறி நம்மள எச்சரிக்கும், அலுமினியம் அப்படி எதுவும் காட்டாது, 660 டிகிரில திடீர்னு தொப்புன்னு விழுந்துடும். போதாததுக்கு அது மேல எப்பவும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கு, அது உருக 2000 டிகிரிக்கு மேல வேணும், அதாவது உள்ள இருக்கற உலோகம் தண்ணியா ஓடும்போதும் மேல தோல் கெட்டியா நிக்கும். அதனாலதான் அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால பண்றது), ஆர்கான் வாயு, ஏசி மின்சாரம்னு தனி ஏற்பாடு, முன்னாடியே பிரஷ் போட்டு நல்லா தேய்ச்சிட்டுதான் கை வைக்கணும்.

பாதுகாப்பு பத்தி எல்லாரும் கண்ணாடி போடு, கிளவுஸ் போடுன்னு சொல்லுவாங்க, அது தெரிஞ்சதுதான். ரொம்பப் பேருக்குத் தெரியாதது புகை. ஜி.ஐ. பைப்புன்னு சொல்றோமே, துத்தநாகப் பூச்சு போட்டது, மலிவா கிடைக்குதேன்னு அதை அப்படியே வெல்டு பண்ணினா துத்தநாகம் 907 டிகிரிலயே கொதிச்சு வெள்ளைப் புகையா வரும், சுவாசிச்சா சில மணி நேரத்துல குளிர் ஜுரம் மாதிரி வரும். பூச்சை நல்லா சுரண்டி எடுத்துட்டு, காத்தோட்டமான இடத்துல, மாஸ்க்கோட பண்ணணும்.

வெல்டு முடிஞ்சா கிரைண்டிங், இங்கதான் ஆளுக்கு ஆள் ரசனை பிரியுது. ஒருத்தர் ஜாயின்ட்டை ராவி ராவி, எங்க ஒட்டினோம்னே தெரியாம ஒரே வார்ப்பு மாதிரி ஆக்கிடுவாரு. இன்னொருத்தர் வெல்டு கோட்டை அப்படியே விட்டுடுவாரு, அது எப்படிச் செஞ்சோம்னு சொல்ற கையெழுத்து மாதிரின்னு. ரெண்டும் சரிதான், ஆனா பாதி ராவி பாதி விட்டது மட்டும் அசிங்கம், அதுல சந்தேகமே இல்ல.

கடைசியா நிறம். உலோகத்துக்கு பெயின்ட் அடிக்கறது ஒரு வழி, ஆனா சிற்பிங்க பெரும்பாலும் பாடினான்னு ஒண்ணு பண்ணுவாங்க, அதாவது ரசாயனத்தை வெச்சு மேல்தோலையே நிறம் மாற வைக்கறது. செம்பு, வெண்கலத்தை டார்ச்ல சூடு பண்ணிக்கிட்டே பிரஷ்ஷால தடவுவாங்க, கந்தகக் கலவைன்னா பழுப்புல இருந்து கருப்பு, ஃபெரிக் நைட்ரேட்னா செம்பழுப்பு, குப்ரிக் நைட்ரேட்னா பழைய கோயில் கலசத்துல பாக்கற மாதிரி பச்சை. மேல மெழுகு பூசி நிப்பாட்டுவாங்க. வெறும் இரும்புல கூட ஒண்ணும் பூசாம சூட்டால மட்டுமே நிறம் கொண்டு வரலாம், மெருகேத்தின இரும்பை மெதுவா சூடாக்கினா 230 டிகிரி பக்கம் வைக்கோல் நிறம், 280 பக்கம் ஊதா, 300ல நீலம், எந்த நிறம் வேணுமோ அங்க சூட்டை நிறுத்திடணும்.

மேல சொன்னதெல்லாம் வெட்டி ஒட்டற வழி. கொல்லர் வழி ஒண்ணு தனியா இருக்கு, இரும்பை உலையில பழுக்க வெச்சு அடிச்சே உருவம் கொண்டு வர்றது. ஆல்பர்ட் பேலின்னு 1944ல பிறந்த அமெரிக்கர், நகை செய்யறவரா ஆரம்பிச்சவர், 1970கள்ல வாஷிங்டன்ல இருக்கற ரென்விக் கேலரிக்கு ஒரு ஜோடி கதவு செஞ்சாரு, 1974ல முடிஞ்சுது. இரும்பும் பித்தளையும் செம்பும் வெண்கலமும் கொடி மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும், இதைச் செஞ்சவர் கழுத்துக்கு நகை செஞ்ச ஆளுன்னு பாத்ததும் சொல்லிடலாம், அளவுதான் பெருசாச்சு, கை மாறல. அதுக்கப்புறம் மேசை, விளக்கு, செடி வைக்கிற ஸ்டாண்டுன்னு நிறைய. பழுத்த இரும்பு அடி வாங்கும்போது ஓரம் மெலிஞ்சு நீண்டு ஒரு மாதிரி சதைப்பிடிப்பு வரும், வெட்டின இரும்புல அது எந்தக் காலத்துலயும் வராது.

மூணாவது வழி வார்ப்பு. மெழுகிலயோ பிளாஸ்டர்லயோ உருவம் செஞ்சு, அச்செடுத்து, வெண்கலத்தை உருக்கி ஊத்தறது. இதுல ஃபர்னிச்சர்னு சொன்னா டியாகோ ஜாக்கோமெட்டி (1902–1985) ஞாபகத்துக்கு வருவாரு. அண்ணன் ஆல்பர்ட்டோ உலகப் புகழ் சிற்பி, தம்பி பல வருஷம் அண்ணனுக்கு உள்கம்பி கட்டறது, அச்செடுக்கறது, பாடினா பண்றதுன்னு பக்கத்துலயே இருந்தவர். அவரு சொந்தமா செஞ்ச வெண்கல மேசைகள்ல காலுக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவுல ஒரு தவளையோ பறவையோ பூனையோ உக்காந்திருக்கும். பாரிஸ்ல பிக்காசோ மியூசியத்துக்கு பெஞ்சு, நாற்காலி, விளக்கெல்லாம் இவருதுதான், ஆனா 1985ல அது திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிட்டாரு.

திரும்ப பால் எவன்ஸுக்கு வர்றேன், ஏன்னா இந்தத் தொழிலோட எல்லா குழப்பமும் அவர்கிட்ட ஒரே இடத்துல கிடைக்கும். 1931ல பிறந்தவர், வெள்ளி வேலையும் உலோக வேலையும் முறையா படிச்சவர், கிரான்புரூக் கலைப்பள்ளியிலயும் இருந்தாரு, அப்புறம் மாசசூசெட்ஸ்ல ஒரு அருங்காட்சியகக் கிராமத்துல வெள்ளிக்கொல்லரா வேலை. 1950களோட நடுவுல நியூ ஹோப் பக்கம் வந்து ஃபிலிப் லாய்ட் பவல்ங்கற மர வேலைக்காரரோட சேர்ந்தாரு, பவல் மரம், எவன்ஸ் உலோகம். 1964ல இருந்து டைரக்‌ஷனல்ங்கற ஃபர்னிச்சர் கம்பெனிக்காகச் செய்ய ஆரம்பிச்சாரு. இங்கதான் கேள்வி வருது, கம்பெனிக்கு கேட்லாக் போட்டு செஞ்சா அது எப்படி ஸ்டூடியோ வேலை ஆகும்? ஆனா ஒவ்வொண்ணும் அவரு பட்டறையிலயே, ஆளுங்க கையாலயே செஞ்சது, ஒண்ணு போல இன்னொண்ணு வராது, பலதுல பி.இ.ன்னு தன் எழுத்தையும் வருஷத்தையும் வெல்டிங்லயே எழுதியிருப்பாரு. கை வேலைன்னதும் ஒத்தை ஆள் தனியா குகைக்குள்ள செய்யறதுன்னு நினைச்சுக்காதீங்க, எவன்ஸ் பட்டறையில நிறைய ஆளுங்க இருந்தாங்க. கடைசி வார்த்தை யாரோடதுங்கறதுதான் கேள்வி.

அவரு உத்திகள்ல எனக்கு ரொம்பச் சுவாரஸ்யமானது, ஸ்கல்ப்டட் பிரான்ஸ்னு ஒரு வரிசை. பாத்தா பாறையில இருந்து பேத்து எடுத்த வெண்கலம் மாதிரி இருக்கும், தூக்கவே நாலு ஆள் வேணும்னு தோணும். நிஜத்துல உள்ள இருக்கறது பெரும்பாலும் பிளைவுட் சட்டம், அது மேல எப்பாக்சி பிசினை அப்பி, கையால உருவம் கொண்டு வந்து, மேல வெண்கலத்தைப் பொடிப் பொடியா தெளிச்ச ஒரு மெல்லிய தோல்தான். ஏமாத்து வேலையான்னு கேட்டா, என் பார்வையில இல்ல. முழு வெண்கலத்துல அந்த அளவு மேசை வார்த்திருந்தா எந்த வீட்டு வாசப்படியும் தாண்டியிருக்காது, விலையும் நினைச்சுப் பாக்க முடியாது, எவன்ஸ் தேடினது எடை இல்ல, வெண்கலத்தோட முகம். ஆர்ஜென்ட்டே வரிசையில அலுமினியத்தை வெல்டு பண்ணி, கருப்பு ஏத்தி, மேடான இடங்களை மட்டும் தேய்ச்சு பளபளக்க விட்டாரு. 1970கள்ல வந்த சிட்டிஸ்கேப் வரிசை இதுக்கெல்லாம் நேர் எதிர், குரோமும் பித்தளையும் மெல்லிய மர வெனீரும் கட்டம் கட்டமா ஒட்டி, ராத்திரி நேரத்து உயரக் கட்டடம் மாதிரி வழவழன்னு. கை ரேகை மொத்தமா மறைஞ்ச வேலை அது, சிலருக்கு அதுதான் அவரோட உச்சம், எனக்கு அந்தப் பழைய இரும்பு முகப்புகள்தான். 1987ல, தொழிலை மூடிட்டு ஓய்வு எடுத்த மறுநாளே மாரடைப்புல இறந்துட்டாரு.

சிற்பமும் நாற்காலியும் ஒரே கையில எப்படி இருக்கும்னு கேட்டா இன்னொரு பதில் ஹேரி பெர்டோயா (1915–1978). இத்தாலில பிறந்து பதினஞ்சு வயசுல அமெரிக்கா வந்தவர், இவரும் கிரான்புரூக்தான், அங்க உலோகப் பட்டறைய நடத்தினவர். 1950 வாக்குல நோல்னு ஃபர்னிச்சர் கம்பெனி நடத்தின தம்பதி இவரைப் பென்சில்வேனியாவுக்குக் கூட்டிட்டுப் போய், உனக்குத் தோணறதைச் செய்யின்னு விட்டுட்டாங்க, இதை வரை அதை வரைன்னு எதுவும் சொல்லல. அவரு கம்பியை எடுத்தாரு, வலையா வெல்டு பண்ணினாரு, வைர வடிவத்துல விரிஞ்ச டயமண்ட் நாற்காலி 1952ல வந்துது. என் நாற்காலி பெரும்பாலும் காத்தாலதான் ஆனது, வெளி அதுக்குள்ள புகுந்து போகும்ங்கற அர்த்தத்துல அவரே சொல்லியிருக்காரு.

இதுல ஒரு வழக்கு சமாச்சாரம் உண்டு. முதல்ல வலையோட ஓரத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு மெல்லிய கம்பி வெச்சு முடிச்சிருந்தாரு. சார்ல்ஸ், ரே ஈம்ஸ்ங்கற அமெரிக்க டிசைனர் தம்பதியோட கம்பி நாற்காலிக்கு அதே மாதிரி ஓரத்துக்கு பேட்டன்ட் இருந்துது, அந்த நாற்காலியச் செஞ்ச ஹெர்மன் மில்லர் கம்பெனி சண்டைக்கு வந்து ஜெயிச்சுது. அதனால பெர்டோயா நாற்காலிக்கு ஓரத்துல ஒரே ஒரு தடிமனான கம்பி, வலைக் கம்பிகளோட நுனிய சாய்வா ராவி அது மேல வெல்டுன்னு மாத்தினாங்க. ஒரு ஓரத்தை எப்படி முடிக்கறதுங்கறதுக்கு கோர்ட் வரைக்கும் போனாங்கன்னா, உலோக வேலையில ஓரம் எவ்வளவு முக்கியம்னு பாத்துக்கோங்க.

நாற்காலி நல்லா வித்துது, அதுல வந்த பணத்துல பெர்டோயா ஃபர்னிச்சரை விட்டுட்டு முழு நேரச் சிற்பி ஆயிட்டாரு. 1955ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்துத் தேவாலயத்துல பலிபீடத்துக்குப் பின்னாடி மேல இருந்து வெளிச்சத்தோட சேர்ந்து இறங்கற மாதிரி தொங்கற உலோகத் துண்டுத் திரை அவருதுதான். 1960கள்ல இருந்து ஒலிக்கற சிற்பங்கள், நீளமான மெல்லிய கம்பிகளைக் கொத்துக் கொத்தா நிக்க வெச்சு, கைய வெச்சுத் தள்ளினா ஒண்ணோட ஒண்ணு மோதி ரீங்காரம் பண்ணும். கம்பி நீளம், தடிமன், உலோகம் மாறினா சுருதி மாறும். நிறைய வேலை பெரிலியம் கலந்த செம்புல, அது ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு நிமிரும், நல்லா ஒலிக்கும், ஆனா பெரிலியம் தூசி நுரையீரலுக்கு விஷம். அவரு நுரையீரல் புத்துநோய்லதான் இறந்தாரு. புகையையும் தூசியையும் பத்தி மேல அவ்வளவு சொன்னேன்ல, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த தலைமுறையில ரெண்டு பேரை மட்டும் சொல்லிடறேன். ரான் அராட் 1981ல லண்டன்ல பழைய ரோவர் காரோட சீட்டை எடுத்து இரும்புக் குழாய் சட்டத்துல மாட்டி நாற்காலி ஆக்கினாரு, 1986ல மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டை வளைச்சு நட்டு போட்டு முடுக்கி ஒரு சோபா நாற்காலி, வெல்டிங்கே கிடையாது, தகடு நிமிரத் துடிக்கற துடிப்புதான் மெத்தை. மார்க் நியூசன் ஆஸ்திரேலியாவுல நகையும் சிற்பமும் படிச்சவர், 1986ல லாக்ஹீட் லவுஞ்ச்னு ஒரு சாய்வுப் படுக்கை செஞ்சாரு, ஃபைபர்கிளாஸ் உடம்பு மேல அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டா அடிச்சு வளைச்சு ரிவெட் போட்டது. ஒரே தகடா மூடப் பாத்தாரு, வரல, அதனால துண்டு போட்டாரு, இப்ப எல்லாரும் ரசிக்கறது அந்த ரிவெட் கோடுகளைத்தான். 2015ல அதுல ஒண்ணு லண்டன் ஏலத்துல 24 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு.

இப்படி எல்லாத்தையும் சிற்பம்னு சொல்றதை ஒத்துக்காதவங்களும் உண்டு. டொனால்ட் ஜட் (1928–1994) உலோகப் பெட்டிகளைச் சிற்பமா செஞ்சவர், நாற்காலி மேசையும் செஞ்சவர், 1984ல இருந்து உலோகத்துலயும். ஆனா ரெண்டும் வேற வேறங்கறதுல பிடிவாதமா இருந்தாரு, நாற்காலி உக்காரத் தகுந்ததா இல்லன்னா அது கலையும் ஆகாது, வெறும் கேலிக்கூத்துங்கற மாதிரி வாதம். எனக்கு இதுல பாதி சம்மதம். உக்கார முடியாத நாற்காலியைக் கலைன்னு சொல்லித் தப்பிக்கறது நிறையவே நடக்குது. ஆனா எவன்ஸ் கேபினெட்ல கதவு ஒழுங்கா திறக்குது, தட்டு பாரம் தாங்குது, அதுக்கு மேல முகப்பு சிற்பமாவும் இருக்குன்னா அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

நேர்ல ஒரு பொருளைப் பாக்கக் கிடைச்சா எங்க பாக்கணும்னு மட்டும் சொல்லிடறேன். முன்பக்கம் எல்லாரும் நல்லாதான் செய்வாங்க, குனிஞ்சு அடிப்பக்கம் பாருங்க. வெல்டு சிதறல் ராவாம ஒட்டிட்டிருக்கா, கை படற ஓரம் எல்லாம் உருட்டியிருக்கா இல்ல கத்தி மாதிரி நிக்குதா. இரும்பு ஃபிரேம் மேல மரப்பலகை இருந்தா திருகு ஏறியிருக்கற ஓட்டையைப் பாருங்க, வட்ட ஓட்டைன்னா யோசிக்காம செஞ்சதுன்னு அர்த்தம், ஏன்னா மரம் ஈரத்துக்கு அகலவாக்குல விரியும் சுருங்கும், இரும்பு அப்படி ஆகாது, ரெண்டையும் இறுக்கி முடுக்கினா ஒரு வெயில் காலத்துல பலகை வெடிச்சிடும். விஷயம் தெரிஞ்சவங்க நீள ஓட்டை போட்டு மரம் நகர இடம் விட்டிருப்பாங்க. அலுமினியமும் இரும்பும் நேரடியா தொட்டுக்கிட்டு ஈரமான இடத்துல இருந்தா அலுமினியம் அரிச்சுப் போகும், நடுவுல ஒரு நைலான் வாஷராவது இருக்கணும். அப்புறம் கையெழுத்து, வருஷம், எத்தனைல எத்தனையாவதுங்கற எண். லாக்ஹீட் லவுஞ்ச் மாதிரி இத்தனைதான்னு எண்ணிக்கை கட்டினதுக்கும், ஒண்ணே ஒண்ணுக்கும், டயமண்ட் நாற்காலி மாதிரி இன்னைக்கும் உற்பத்தில இருக்கறதுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படும், வடிவம் எவ்வளவு நல்லா இருக்குங்கறதுக்கும் அந்த விலைக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது.

நீங்களே கை வெச்சுப் பாக்கணும்னா நாற்காலில ஆரம்பிக்காதீங்க, அது எல்லாத்துலயும் கஷ்டமானது. மூணு கால் வெச்ச ஒரு சின்ன ஸ்டூல், மைல்டு ஸ்டீல்ல, 12 மில்லிமீட்டர் ராடு. மூணு கால்னா தரை எப்படி இருந்தாலும் ஆடாது, வெல்டிங் கொஞ்சம் இழுத்துட்டாலும் தெரியாது. ஆனா நாலு கால் மாதிரி பக்கவாட்டுல பாரம் தாங்காது, ஓரத்துல உக்காந்தா சாயும், அதனால கால்களை உக்கார்ற பலகைய விட வெளிய விரிச்சு வைங்க.